எழுபத்தொன்பது புள்ளி ஏழு

கோட்டைப்பட்டினத்தில் படகுத்துறைக்குப் போகும் சாலையில், நைனா முகமதுவின் கயிற்றுக்கடைக்கு அடுத்த கதவு ஷர்லியின் கடை. பெயர்ப் பலகை கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கணினித் திரை தெருவைப் பார்த்தபடி இருக்கும். அதில் நீலப் பரப்பு, குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, கோட்டுக்கு மேற்கே எண் போட்ட புள்ளிகள். ஒவ்வொரு எண்ணும் ஒரு பைபர் படகு. சிவப்புக் கோடு கடல் எல்லை. அதைத் தாண்டிய படகை அக்கரைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விடும். ஆள் திரும்ப மாதங்கள் ஆகும். படகு திரும்பாமலே போகலாம். கடலுக்கு ஆள் அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் அந்தச் சாலையில் நடக்கும்போது, பேச்சை நிறுத்தாமலே, தங்கள் எண் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போவார்கள்.

ஷர்லிக்கு வயது முப்பத்தொன்பது. ஜி.பி.எஸ், வயர்லெஸ், ஆழம் காட்டும் கருவி, உப்புக்காற்று பட்டுப் பச்சை பிடித்த எந்த மின்சுற்றுப் பலகையானாலும் சரி, பல்துலக்கும் பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் வைத்துத் துடைத்து, பற்று விட்டுப்போன இடத்தில் ஈயம் வைத்துக் கொடுப்பாள். வருமானம் அதில்தான். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் திரையால் வருமானம் இல்லை. ஆனால் ஊரில் அவளை அடையாளம் சொல்பவர்கள் திரையை வைத்துத்தான் சொல்வார்கள்.

அவள் பிறந்தது ஆவூரில். பிளஸ் டூ முடித்ததும் புதுக்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தாள். கல்லூரி மாணவர்களின் புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளை அடித்து, ஸ்பைரல் போட்டுக் கொடுக்கும் கடை. ஒவ்வொரு ரிப்போர்ட்டின் கடைசியிலும் சில பக்கங்களுக்கு சி மொழியில் ஒரு புரோகிராம் இருக்கும். சாதாரணப் பத்தியில் ஓர் எழுத்து விட்டுப்போனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். புரோகிராமில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனால் மறுநாள் காலை அந்த மாணவன் கடை வாசலில் நின்று கத்துவான். அதனால் அரைப்புள்ளி எங்கே வர வேண்டும் என்று அவளுக்கு முதலில் தெரிந்தது. ஏன் வர வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

வருடம் தவறாமல் ஒரு புரோகிராம் வரும். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்புவது. ஒரு கணினி சாக்கெட் என்ற ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். இன்னொன்று அதைக் கூப்பிட்டு எழுத்துகளை அனுப்பும். மாணவன் பெயரும் கல்லூரிப் பெயரும் மாறும், புரோகிராம் மாறாது. நான்காவதோ ஐந்தாவதோ முறை அடித்தபோது, இது உண்மையில் என்னதான் செய்கிறது என்று பார்க்கத் தோன்றியது. மதியம் ஆள் வராத நேரத்தில் கடையின் இரண்டு கணினிகளுக்கும் இடையே ஒரு கம்பியைச் செருகி, இதில் பாதியும் அதில் பாதியுமாக ஓடவிட்டாள். ஆங்கில எழுத்தில் pudukkottai என்று அனுப்பினாள். அந்தப் பக்கம் அப்படியே வந்தது. அடுத்து avur என்று அனுப்பினாள். அந்தப் பக்கம் avurkkottai என்று வந்தது.

அப்படி ஓர் ஊர் கிடையாது. காரணம் புரிய அவளுக்குப் பல மதியங்கள் ஆயின. சி மொழியில் எழுத்துச்சரம் எங்கே முடிகிறது என்பதைக் காட்டக் கடைசியில் ஒரு சுழியம் இருக்க வேண்டும். அனுப்புகிற புரோகிராம் அந்தச் சுழியத்தை அனுப்பவில்லை. வாங்குகிற புரோகிராம் தானாகவும் போட்டுக்கொள்ளவில்லை. புதிதாக வந்த நான்கு எழுத்துகள் பழைய எழுத்துகளின் தலையில் உட்கார்ந்தன. பழையதன் வால் அப்படியே கிடந்தது. எத்தனை எழுத்து வந்ததோ அந்த இடத்தில் ஒரு சுழியத்தை வைக்க ஒரே ஒரு வரி போதும். வைத்தாள். ஆவூர் ஆவூராகவே வந்தது.

அதற்குப் பிறகு இன்னொன்றையும் கண்டுகொண்டாள். அடுத்தடுத்து இரண்டு செய்திகளை வேகமாக அனுப்பினால், சில நேரம் அந்தப் பக்கம் இரண்டும் ஒரே செய்தியாக வந்து சேர்ந்தன. நீளமான ஒன்று சில நேரம் இரண்டு துண்டாக வந்தது. ஓர் எழுத்துகூடத் தொலையவில்லை, வரிசையும் மாறவில்லை. இடைவெளி மட்டும் இல்லை. குழாயில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால், அந்தப் பக்கம் பிடிக்கிறவருக்கு முதல் குடம் எங்கே முடிந்தது என்று தெரியாது அல்லவா, அந்த மாதிரி. எனவே முடிவை அனுப்புகிறவரே சொல்ல வேண்டும். ஒவ்வொரு செய்தியின் கடைசியிலும் வரி முடிவுக் குறி ஒன்றைச் சேர்த்தாள். வாங்குகிற பக்கத்தில், வந்த வரிக்கு அருகில் அதில் எத்தனை எழுத்து என்றும் காட்டச் செய்தாள். அந்த எண்ணிக்கையால் அப்போது எந்தப் பயனும் இல்லை. பழக்கம் மட்டும் விடவில்லை.

டேவிட்டைக் கல்யாணம் செய்து கோட்டைப்பட்டினம் வந்தாள். டேவிட்டும் ஆவூர்க்காரன்தான், படகு இன்ஜின் மெக்கானிக்காக ஏற்கெனவே இங்கே வந்துவிட்டிருந்தான். ஒருநாள் ஏதோ படகிலிருந்து பழுதான ஜி.பி.எஸ் கருவி ஒன்றைக் கொண்டுவந்து, "இதத் தூக்கிப் போடச் சொன்னாங்க, நீ பாக்குறியா?" என்று கேட்டான். கடை அப்படித் தொடங்கியது.

திரை பின்னால் வந்தது. ஒரு முறை காற்றில் மாட்டிய படகை எங்கே தேடுவது என்று தெரியாமல் ஊரே ஒரு பகல் முழுக்கக் கரையில் நின்றது. படகு தானாக வந்து சேர்ந்தது. ஆனாலும் நாட்டுப்படகுச் சங்கத் தலைவர் வெள்ளைச்சாமி மறுநாள் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"தாயி, எந்தப் படகு எங்கிட்டு நிக்கிதுன்னு கரையில இருந்து பாக்குற மாதிரி எதும் செய்ய முடியுமா?"

"செய்யலாம் மாமா. சிக்னல் இருக்குற தூரம் வரைக்கும்."

ஒரு சிறு பெட்டி. உள்ளே இடத்தைக் கண்டறியும் சில்லு, ஒரு சிம் கார்டு, அவள் எழுதிய புரோகிராம். பெட்டி கடைக் கணினியைக் கூப்பிட்டு, முதலில் தான் எந்தப் படகு என்று சொல்லும். பிறகு அவ்வப்போது ஒரு வரி அனுப்பும். படகு எண், ஒரு காற்புள்ளி, வடக்கு எண், ஒரு காற்புள்ளி, கிழக்கு எண். ஏழாம் எண் படகின் வரி இப்படி இருக்கும்:

7,9.88,79.31

கிழக்கு எண் கூடக்கூடப் படகு எல்லையை நெருங்குகிறது என்று பொருள். கரை எழுபத்தொன்பது புள்ளி இரண்டு. கோடு அந்தப் பகுதியில் ஏறத்தாழ எழுபத்தொன்பதரை.

கடலில் சிக்னல் விட்டுவிட்டு வரும். ஒரு வரி பாதி வந்திருக்கும்போதே இணைப்பு அறுந்துபோகும். முதலில் அந்தப் பாதியைக் கணினி எறிந்துவிடுமாறுதான் எழுதியிருந்தாள். அப்படிச் செய்தால் சில படகுகளிடமிருந்து மணிக்கணக்கில் முழு வரியே கிடைக்கவில்லை. எனவே மாற்றினாள். வந்த பாதியை அந்தப் படகின் பெயரில் கணினி பத்திரமாக வைத்துக்கொள்ளும். பெட்டி மீதிப் பாதியை நினைவில் வைத்திருந்து, இணைப்பு திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து அனுப்பும். இரண்டும் சேர்ந்து ஒரு வரியாகும். நன்றாக வேலை செய்தது. அவளுக்கும் திருப்தி. பெட்டிக்கு மின்சாரம் போனால் அந்த நினைவும் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் கம்பியை நேரே பேட்டரியில் ஈயம் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தாள். உயிருக்குப் பாதுகாப்பாக வைத்த பெட்டியை யாரும் வேண்டுமென்றே நிறுத்த மாட்டார்கள் என்றுதான் எண்ணியிருந்தாள்.

சில படகுகளின் புள்ளிகள் மட்டும் கடலில் ஒரே இடத்தில் உறைந்து நிற்கும். கேட்டால், "அங்கிட்டுச் சிக்னலே இல்லக்கா" என்பார்கள். அவள் அந்தப் பெட்டிகளுக்கு நீளமான ஏரியல் போட்டுக் கொடுத்தாள். பிறகு அதைவிட நீளமானதும் போட்டாள். மாலை வேளைகளில் கண்ணாடிக்கு வெளியே பெண்களைவிட ஆண்கள்தான் அதிக நேரம் நின்று திரையைப் பார்த்தார்கள். ஒருவர்மேல் ஒருவருக்கு இவ்வளவு அக்கறையா என்று அவள் ஒருமுறை டேவிட்டிடம் வியந்து சொன்னாள். டேவிட் பேச்சை மாற்றினான். இன்ஜின் அறைக்குள் தலையை விட்டு வேலை செய்கிறவனுக்குப் பெட்டியின் கம்பி எங்கே போகிறது என்று தெரியாமல் இருந்திருக்காது.

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிய நாட்களில் ஒன்று அது. மேற்கிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. விடியுமுன் போன படகுகள் பெரும்பாலும் திரும்பிவிட்டிருந்தன. செவந்தி நண்டு வலையிலிருந்து எடுத்த குப்பையைக் கொட்டிவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். ஏழாம் எண் அவள் கணவன் நாகராசுவின் படகு. உதவிக்கு ஆள் கிடைக்காததால் அன்று தனியாகப் போயிருந்தான்.

"அக்கா, என்னக்கா இது? ஏழு அங்கிட்டு நிக்கிது?"

ஷர்லி திருப்புளியை வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்தாள். ஏழு சிவப்புக் கோட்டுக்குக் கிழக்கே நின்றது. விளிம்பில் அல்ல, நன்றாக உள்ளே.

"எப்ப வந்த புள்ளி இது?"

"காலையில வந்திருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணும் வரல" என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டு ஷர்லி உள்ளே ஓடினாள்.

செவந்தியின் குரல் கேட்டு நைனா முகமது கயிற்றுச் சுருளோடு வெளியே வந்தார். துறையிலிருந்து நான்கைந்து பேர் வந்தார்கள். நாகராசுவின் கைபேசிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் போன் போட்டதில், ஒவ்வொரு கையிலிருந்தும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்ற அதே பெண் குரல் முன்பின்னாகக் கேட்டது. வெள்ளைச்சாமி வந்து திரையைப் பார்த்தார்.

"கச்சான் பலமா அடிக்கிது. இன்ஜின் நின்னு போயிருந்தா அங்கிட்டுத்தான் தள்ளும்" என்றார்.

"தள்ளுறதாவது!" என்றார் பின்னால் நின்ற ஒருவர். "இம்புட்டு தூரம் காத்து தள்ளுமா? தானா ஓட்டிக்கிட்டுப் போயிருக்கான். நாகராசுக்கு நண்டு கண்ணுல பட்டா கோடாவது ஒண்ணாவது."

"வாயக் கழுவுங்க. நீங்க வரலன்னு ஒங்க பொண்டாட்டி இங்க நின்னப்ப நான் இப்புடிப் பேசுனேனா?" என்று செவந்தி திரும்பினாள். அந்த ஆள் நகர்ந்து நைனா முகமதுவுக்குப் பின்னால் போய்விட்டார்.

செவந்தியின் தம்பி கண்ணன் அப்போதுதான் தன் படகைக் கரையேற்றியிருந்தான். கைலியை மடித்துக் கட்டியபடி, கையில் டீசல் கேனோடு வந்தான்.

"அக்கா, நீ அழுவாத. நான் போயிப் பாத்துட்டு வாரேன்."

"எங்க போவ?" என்றார் வெள்ளைச்சாமி.

"கோட்டுப் பக்கமா."

"ஒருத்தனத் தேட ஒருத்தன் போறது, அப்புறம் அவனத் தேட இன்னொருத்தன் போறதா?"

"நான் தாண்ட மாட்டேன் மாமா. கோட்டுக்கு இங்கிட்டே நின்னு பாக்குறேன்."

"ஆமா, கடல்ல கயிறு கட்டி வச்சிருக்கு. நீ கையால தடவிப் பாத்து நிக்கப் போற."

கண்ணன் துறைப் பக்கம் திரும்பினான். செவந்தி, "போடா தம்பி, வெரசாப் போ" என்றாள். சொன்ன கையோடு அவன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். போகச் சொல்லும் வாயும் விடாத கையுமாக அவள் அப்படியே நின்றாள்.

உள்ளே ஷர்லி இன்னொரு திரையைத் திறந்திருந்தாள். அதில் படம் கிடையாது. பெட்டிகளிலிருந்து வந்த வரிகள், வந்தது வந்தபடி, ஒன்றன்கீழ் ஒன்றாக. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுத்து எண்ணிக்கை. புதுக்கோட்டைக் கடையில் தொடங்கிய பழக்கம். ஏழாம் படகின் வரிகளுக்கு அருகில் பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு என்று வந்துகொண்டிருந்தது. கடைசி வரிக்கு அருகில் இருபத்திரண்டு என்று இருந்தது.

வரியைப் படிக்கும் முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கண்ணா, போகாத! இங்க வா."

"வந்து பேசிக்கிறேன் ஷர்லியக்கா. நேரமாகுது."

"தப்பான எடத்துக்குப் போற. உள்ள வா."

அவன் வந்தான். கூட எல்லோரும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஷர்லி ஒரு அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து, மார்க்கரால் பெரிதாக எழுதினாள்.

7,9.88,79.

"காலையில இவ்வளவுதான் வந்துச்சு. புள்ளிக்கு அப்புறம் வர்றதுக்குள்ள நின்னு போச்சு. மீதி வரும்னு கம்ப்யூட்டர் இதை வச்சுக்கிட்டுக் காத்திருந்திருக்கு. அப்புறம் வந்தது மீதி இல்ல, புதுச் சேதி. புதுச் சேதி எதுல ஆரம்பிக்கும்?"

"படகு நம்பருல" என்றான் கண்ணன்.

"ஏழு." அவள் புள்ளிக்குப் பக்கத்தில் ஏழைப் போட்டாள். அட்டையில் இப்போது 79.7 என்று இருந்தது. "இது தூரம் இல்ல. அவரு படகோட நம்பரு. முந்தின சேதியோட வாலுல ஒட்டிக்கிருச்சு. கம்ப்யூட்டர் எழுபத்தொம்பது புள்ளி ஏழுன்னு படிச்சுக் கோட்டுக்கு அங்கிட்டுப் புள்ளி வச்சிருச்சு."

வெள்ளைச்சாமி அட்டையை வாங்கி, கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தார். "அப்ப மெஷினு பொய் சொல்லிருக்கு."

"மெஷினு வாங்குனத அப்படியே படிச்சிருக்கு மாமா. நான் எழுதுனதுதான் தப்பு."

செவந்தி கண்ணனின் சட்டையை விட்டாள். ஆனால் அழுகை நிற்கவில்லை. "அப்ப அவுக எங்கக்கா?"

ஷர்லி மறுபடி அந்த வரியைப் பார்த்தாள். வேறு ஒன்று அவளை உறுத்தியது. சிக்னல் போயிருந்தால் பெட்டி மீதியைத்தான் அனுப்பியிருக்கும். புதிதாகத் தொடங்கியிருக்கிறது என்றால், நடுவில் பெட்டிக்கு மின்சாரம் போய் வந்திருக்கிறது.

"பெட்டிக்குக் கரண்டு நின்னு திரும்ப வந்திருக்கு. நேரா பேட்டரியில பத்தவச்ச வயரு. தானா நிக்காது. யாரோ நிறுத்திருக்காங்க."

"யாருக்கா? நேவிக்காரங்களா?" செவந்தியின் குரல் மறுபடி உயர்ந்தது.

நைனா முகமது கையிலிருந்த கயிற்றின் நுனியைப் பிரித்துப் பார்த்தார். வெள்ளைச்சாமி அட்டையைத் திருப்பி, எழுதாத பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். ஷர்லி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"ஏன் எல்லாரும் கீழ பாக்குறீங்க?"

கண்ணன் டீசல் கேனைத் தரையில் வைத்தான். "சுச்சு இருக்குக்கா."

"என்ன சுச்சு?"

"மச்சான் பெட்டி வயருல ஒரு சுச்சு வச்சிருக்காரு."

"ஒம் படகுல?"

"...அதுலயும் இருக்கு."

வெள்ளைச்சாமி தொண்டையைச் செருமினார். "எல்லாத்துலயுந்தான் தாயி. நீ திரையத் தெருவப் பாக்க வச்சிருக்க. ஒருத்தன் ஒரு எடத்துல வலையப் போட்டுட்டு நின்னான்னா, சாயங்காலம் பத்துப் பேரு இங்க நின்னு அந்தப் புள்ளியப் பாத்து வச்சுக்கிறான். மறுநா விடியறதுக்குள்ள அங்க கடல் தெரியாம வலை கெடக்குது. அதான், வலை போடுற எடம் வந்ததும் அமத்திருவாங்க. எடம் மாறி ஓடும்போது போடுவாங்க."

"சிக்னல் இல்லன்னு சொன்னீங்களே மாமா. நான் ஏரியலு மாத்தி மாத்திப் போட்டேனே."

"ஏரியலு அருமையா இருக்குக்கா" என்றது ஒரு குரல். இரண்டு பேர் சிரித்தார்கள். செவந்தி பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

நடந்தது இப்போது எல்லோருக்கும் தெளிவாயிற்று. நாகராசு ஓரிடத்தில் வலை போட வந்து சுவிட்சை அணைத்திருக்கிறான். வரி பாதியில் நின்றது. பிறகு இடம் மாற ஓடும்போது போட்டிருக்கிறான். புதிய வரி ஒன்று வந்து பழையதில் ஒட்டியது. அடுத்த இடம் பிடித்ததும் மறுபடி அணைத்துவிட்டான். அதனால் தப்பான புள்ளியைத் திருத்த இன்னொரு வரி வரவில்லை. அந்த இரண்டாவது இடம் ஷர்லியின் திரையில் இருந்தது. ஒட்டிய வரியில் ஏழுக்குப் பின்னால் மீதி முழுவதும் இருந்தது. அவள் அதை அட்டையில் எழுதியிருக்கவில்லை. இப்போது உடலைச் சற்றே நகர்த்தித் திரையை மறைத்துக்கொண்டாள்.

"கடைசியா நின்ன எடம் தெரியிது. கோட்டுக்கு நல்லா இங்கிட்டுத்தான். கண்ணன்கிட்ட மட்டும் சொல்லி அனுப்பட்டுமா?"

வெள்ளைச்சாமி தலையை ஆட்டினார். "ஆகாது தாயி. இம்புட்டு நேரம் வரலன்னா இன்ஜின்ல என்னமோ ஆயிருக்கு. கச்சான் அவனை அங்கேருந்து எங்கிட்டுக் கொண்டுபோயிருக்கோ. நாலு படகாவது அந்த எடத்துலேருந்து பரப்பிக்கிட்டுப் போகணும். போறவன் எல்லாருக்கும் எடம் தெரியணும்."

ஷர்லி செவந்தியைப் பார்த்தாள். "எடத்தச் சொன்னா ஊருக்கே தெரிஞ்சுரும். அவரு அமத்தி வச்சதே அதுக்காகத்தான்."

"நண்டு போயிட்டுப் போகுது. ஆளு வரட்டும். சொல்லுங்க" என்றாள் செவந்தி.

ஷர்லி விலகி நின்றாள். "ஒம்பது புள்ளி எட்டு ஆறு. எழுபத்தொம்பது புள்ளி மூணு நாலு."

வந்திருந்தவர்கள் எண்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே துறைக்கு ஓடினார்கள். கண்ணன் முதலில். நைனா முகமது ஒரு கட்டு கயிற்றை அவன் தோளில் போட்டு, "இழுக்க வேணும்ல" என்றார். நான்கு படகுகள் கிளம்பின. செவந்தி துறைக்குப் போகவில்லை. ஷர்லியின் முக்காலியில் உட்கார்ந்து, வரிகள் ஓடும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவிட்சுகள் எல்லாம் அன்று போட்டபடி இருந்தன. நான்கு படகுகளின் வரிகளும் வரிசையாக வந்தன. எழுபத்தொன்பது புள்ளி மூன்று நான்கைத் தொட்டு, விரிந்து, கிழக்கே நகர்ந்து, ஒவ்வொன்றாக நின்றுபோயின.

"இது என்னக்கா? இவுகளும் அமத்திட்டாகளா?"

"இல்ல. இப்ப நெசமாவே சிக்னல் இல்ல."

மதியச் சாப்பாட்டு நேரம் போய், டேவிட் வாங்கிவந்த பொட்டலத்தை இருவரும் பிரிக்காமல் வைத்திருந்தபோது, வரிகள் ஒவ்வொன்றாகத் திரும்ப வரத் தொடங்கின. கண்ணனின் படகு மிக மெதுவாக மேற்கே வந்துகொண்டிருந்தது. ஷர்லி அந்த எண்களைக் கவனித்தாள். இன்னொரு படகைக் கட்டி இழுத்தால்தான் அவ்வளவு மெதுவாக வரும். அதைச் சொல்லலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு புதிய வரி விழுந்தது. 7,9.87,79.38. அருகில் பன்னிரண்டு.

செவந்திக்கு மற்ற எண்கள் புரியவில்லை. முதலில் இருந்த ஏழு புரிந்தது. எழுந்து துறைக்கு ஓடினாள்.

எப்போதோ யாரோ விட்ட பழைய வலைத்துண்டு இன்ஜின் விசிறியில் சுற்றி, இன்ஜின் நின்றுபோயிருந்தது. நாகராசு அதை அறுக்கக் குதித்தபோது மடியிலேயே இருந்த கைபேசி நனைந்து செத்துப்போனது. நங்கூரம் சேற்றில் பிடிக்கவில்லை. படகு கிழக்கே இழுபட்டது. சுவிட்சின் நினைவு வந்து அவன் பெட்டியைப் போட்டபோது சிக்னல் கிடைக்கும் தூரத்தைத் தாண்டிப் போயிருந்தான். அவர்கள் அவனைக் கண்ட இடம் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான். ஆனால் கோட்டுக்கு அருகில். சாயங்காலம் வரை காற்று அதே மாதிரி அடித்திருந்தால் அந்தப் பக்கம் போயிருப்பான் என்று வெள்ளைச்சாமி கணக்குச் சொன்னார். கண்ணன் காலையில் தப்பான புள்ளியை நோக்கிப் போயிருந்தால் வடக்கே தள்ளி, நாகராசுவைப் பார்க்காமலே எல்லையில் நின்றிருப்பான் என்பதையும் அவரே சொன்னார்.

விளக்கு வைத்த பிறகு நாகராசு கடைக்கு வந்தான். வலையை அறுத்த கையில் காயக்கட்டு. கண்ணாடிக்கு வெளியே நின்றபடியே பேசினான்.

"எடத்தச் சொல்லிட்டீங்களே ஷர்லியக்கா."

"சொன்னதாலதான வந்தாங்க."

"வந்தாங்க. வந்தவய்ங்க என்னையக் கட்டுறதுக்கு முன்னாடி அங்க கெடந்த என் வலையத் தூக்கி நண்டைப் பாத்துட்டுல்ல வந்திருக்காய்ங்க. என் மாப்ள உள்பட."

"கோவமா?"

அவன் திரையைப் பார்த்தான். எல்லாப் படகுகளும் கரையில் ஒரே குவியலாக இருந்தன. "அதெல்லாம் இல்லக்கா. எடம் போச்சு, அவ்வளவுதான்" என்றான்.

அந்த வாரத்தில் ஷர்லி புரோகிராமை மாற்றினாள். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு குறியைச் சேர்த்தாள். முடிவுக் குறி வரும் முன்பே இன்னொரு தொடக்கக் குறி வந்தால், கையிலிருக்கும் பாதியை எறிந்துவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு காலம் முடிவை மட்டும் சொன்னால் போதும் என்று இருந்தவள், தொடக்கத்தையும் சொல்ல வேண்டும் என்று அறிந்துகொண்டாள். எழுதும் நேரம் அதிகமில்லை. ஒவ்வொரு பெட்டியாகக் கழற்றி மாற்றத்தான் நாள் பிடித்தது.

இன்னொரு மாற்றத்துக்குப் புரோகிராம் தேவைப்படவில்லை. மேசையை நகர்த்திப் போட்டுத் திரையை உட்பக்கம் திருப்பினாள். தெருவிலிருந்து பார்த்தால் இப்போது திரையின் முதுகும் நாலைந்து கம்பிகளும் தெரியும். வீட்டு ஆள் கடலில் இருக்கும் பெண்கள் உள்ளே வந்து பார்க்கலாம். ஆண்கள் பழுதான கருவியைக் கொடுக்க வந்தாலும் வாசற்படியோடு நிற்க வேண்டும். வெள்ளைச்சாமிக்கும் அதே சட்டம்தான். முதல் நாள் அவர் வாசலில் நின்று, "தலைவனுக்குக்கூடவா?" என்று கேட்டார். "ஒங்களுக்கும் வலை இருக்குல்ல மாமா?" என்றாள் ஷர்லி.

திரை திரும்பிய மறுநாள் செவந்தி வந்து கட்டிங் பிளேயர் கேட்டாள். எதற்கு என்று ஷர்லி கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்து, பிளேயரையும், இரண்டு பக்கமும் கம்பி அறுந்த ஒரு சிறு சுவிட்சையும் மேசைமேல் வைத்தாள். ஷர்லி போய் அந்தக் கம்பியை மறுபடி பற்றவைத்தாள். அடுத்தடுத்த நாட்களில் மற்ற பெண்களும் பிளேயரை வாங்கிப் போனார்கள். சுவிட்சுகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன. நல்ல சுவிட்சுகள், வேறு எதற்காவது ஆகும் என்று வைத்திருக்கிறாள்.

நாகராசு புது இடம் ஒன்று பிடித்திருக்கிறான். அது எங்கே என்று ஷர்லிக்கும் செவந்திக்கும் மட்டும் தெரியும். செவந்தி காலையில் வந்தால் படம் போட்ட திரையைப் பார்ப்பதில்லை. நேராக வரிகள் ஓடும் திரைக்குப் போய், ஏழில் தொடங்கும் வரியைத் தேடி, அதன் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பார்க்கிறாள். தொடக்கக் குறி சேர்ந்ததால் அது இப்போது ஒன்று கூடியிருக்கிறது.

"பதிமூணுதானக்கா?"

"பதிமூணுதான்."

சரி என்று சொல்லிவிட்டு, கரையேறிய வலைகளிலிருந்து நண்டு பிரிக்கப் போய்விடுகிறாள்.